முக்காலியில் ஏறி நின்று பேசின பிள்ளை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுகிறேன். எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் கன்னியர் மடத்துக் குசினியில் சாமான் முடிந்தால் எழுதிக் கொடுக்கிற துண்டுகள்தான். பருப்பு, சீனி, தேயிலை, நெருப்புப்பெட்டி. இப்போது மறதியும் வந்துவிட்டது. எங்கள் கோயில் பங்கின் வாசிப்பு அறைக்கு ஒரு மலர் போடப் போகிறார்களாம், அந்த அறையைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ என்று சிஸ்டர் கேட்டவ. ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடைய கூச்சம் சாதாரணக் கூச்சம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மடத்து விடுதிப் பிள்ளைகளுக்குச் சமைத்தனான். வெளியாள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். ஒருமுறை குருமாரில் பெரிய சுவாமி ஒருவர் சாப்பிட்டுவிட்டு, மீன்குழம்பு நல்லாயிருக்கு, சமைத்த ஆளைக் கூப்பிடுங்கோ என்றவராம். நான் விறகுக் கொட்டிலுக்குள் போய் இருந்துவிட்டேன். அவருடைய வாகனம் கேற்றைத் தாண்டின பிறகுதான் வெளியில் வந்தனான். குழம்பு சரியில்லை என்று கூப்பிட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பேன். புகழ்ந்தால் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது.

இப்போது ஓர்ஸ் ஹில்லில் பெறாமகளோடு இருக்கிறேன். என் தங்கச்சியின் மகள். காலையில் கந்தோருக்குப் போனால் பின்னேரம்தான் வருவா. எனக்குப் பகலில் வேலையில்லாததால் வாசிப்பு அறையைக் கூட்டித் துடைக்கப் போகத் தொடங்கினேன். கோயில் மண்டபத்தோடு ஒட்டின பழைய சாமான் அறைதான் அது. இரண்டு அலுமாரி, நாலு பாய், எங்கிருந்தோ பெட்டியில் வந்த புத்தகங்கள். ஆள் இல்லாத நேரம் போய்க் கூட்டுவேன், கூட்டி முடித்தால் ஒரு புத்தகத்தை எடுத்து விரலை வைத்து வாசிப்பேன். பெரிய எழுத்து என்றால்தான் எனக்கு ஓடும். அப்படி அகப்பட்டதுதான் அந்தப் பிள்ளைகள் கதை. இந்தியாவில் அச்சடித்தது.

அது ஒரு நெட்டைப் பிள்ளையின் கதை. ஒன்பது வயது, ஆனால் ரீச்சரை விட உயரம். வகுப்புக் கதவில் தலை இடிக்கும். படத்தில் பார்த்தால் மேசைக்குக் கீழே கால் அடங்காமல் மற்றப் பிள்ளையின் மேசைக்கும் கீழாலே போய்க் கிடக்கும். பிள்ளைகள் ‘கொக்கு’ என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் வகுப்பு முழுக்கக் கூடி ஒரு முடிவு எடுக்குது. அந்த அத்தியாயத்தின் கடைசி வரி, ‘அன்று முதல் அவளிடம் யாரும் பேசவில்லை.’

நான் அதில் விரலை வைத்து, நல்ல பிள்ளைகள் என்று நினைத்தனான்.

ஏனென்றால் எங்களுக்குப் பேசுறது என்றால் ஏசுறது. அம்மா பேசினவ என்றால் அம்மாவிடம் நல்லாய் வாங்கிக் கட்டினது. மற்றதை நாங்கள் கதைக்கிறது என்போம். டீவி நாடகத்தில் இந்தியாக்காரர் பேசுறது என்றால் கதைக்கிறதுதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டீவியில் ஆளின் முகம் தெரியும். புத்தகத்தில் முகம் இல்லையே. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்.

சரி, ஒருத்தரும் ஏசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள், இனி அந்தப் பிள்ளைக்கு நிம்மதி என்று வாசித்துக்கொண்டு போனால், அது வீட்டில் வந்து அழுகுது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்குக் கீழே ஒளிக்குது, கால் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்குது. எனக்குக் கோபம் வந்தது. ஏசவும் ஆளில்லை, அடிக்கவும் ஆளில்லை, பிறகேன் அழுகை? செல்லம் கூடிப்போச்சு என்று நினைத்தனான். கடைசியில் வகுப்பிலேயே சின்ன உருவான ஒரு பிள்ளை, எங்கிருந்தோ ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் மேல் ஏறி நின்று, முகத்துக்கு முகம் பார்த்து அவளிடம் ‘பேசினாள். மணி அடிக்கும் வரை பேசினாள்.’ நெட்டைப் பிள்ளை அவளைக் கட்டிப்பிடித்து அழுதாளாம்.

புத்தகத்தை மூடிவிட்டேன். பின்னேரம் பெறாமகள் வந்தவுடன் சொன்னேன்.

“பிள்ளை, இப்பிடியும் எழுதுவாங்களோ? அத்தனை சின்னப் பெட்டை, ஏறி நிண்டு ஏசுறதுக்கெண்டு ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாறாள்.”

அவ கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டு, “ஓம் பெரியம்மா, காலம் கெட்டுப்போச்சு,” என்றவ.

சிஸ்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளின் கையில் படாமல், அலுமாரியின் அடித்தட்டில், பழைய செபப் புத்தகங்களுக்குக் கீழே அதை வைத்துவிட்டு வந்தனான்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் ஒப்பரேசன் நடந்தது. படலம் எடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு வாசிக்கக் கூடாது, குனியக் கூடாது, புகைக்குள் நிற்கக் கூடாது என்று டொக்டர் சொன்னவர். என்னுடைய மூன்று வேலையும் போய்விட்டது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். அந்த மாதத்தில்தான் பக்கத்து வீட்டு அறைக்கு அவ குடிவந்தவ.

தையல் வேலை செய்கிற ஆள். இங்கே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கட்டைபறிச்சானில் பிறந்தவவாம். நாலு வயதில் தாய் தகப்பன் வள்ளத்தில் இந்தியாவுக்குக் கொண்டுபோய், முகாமில் வளர்ந்து, தாய் தகப்பனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, நாற்பது வயதுக்குக் கிட்டத் தனியாகத் திரும்பி வந்திருக்கிறா. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது, வேலிக்கு மேலாலே ஒரு முகம், அவ்வளவுதான்.

“அக்கா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்.”

வந்து இரண்டு நாள் ஆகவில்லை, என்ன பிழை விட்டேன்? உடுப்புத் தோய்த்த தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியிருக்குமோ? சேவல் விடிய முன்னம் கத்துறதோ? எங்கள் முருங்கை மரத்தின் ஒரு கொப்பு வேலியைத் தாண்டி அவர்களின் முற்றத்தில் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதுதான், அதேதான் என்று நினைத்தேன்.

“பெறாமகள் பின்னேரம் வருவா. அவ வந்த பிறகு வாங்கோ,” என்றேன்.

“இல்லக்கா. உங்ககிட்டதான் பேசணும்.”

எவ்வளவு துணிவு! நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தால் ஆள் போன சத்தம் கேட்டது. உடனே கத்தியைக் கொண்டுபோய், டொக்டரையும் மறந்து, அந்தக் கொப்பை வெட்டி விழுத்தினேன். அது எங்கள் பக்கம் விழாமல் அவவின் பக்கமே விழுந்தது.

பின்னேரம் பெறாமகளோடு அவவும் கூட வந்து முற்றத்தில் நிற்கிறா. நான் குசினிக் கதவுக்குப் பின்னால்.

“அக்கா எதுக்கு மரத்த வெட்டினாங்க?” என்று அவ கேட்கிறது கேட்டது. “கொஞ்சம் முருங்கைக்கீரை கேக்கலாம்னுதான் வந்தேன். ஒரு கைப்பிடி போதும்னு இருந்தேன்.”

பெறாமகள் சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டிருக்கும். “பெரியம்மா, வெளியிலை வாங்கோ. அவ உங்களுக்கு ஏச வரேல்லை. கதைக்க வந்தவ.”

அந்தக் கிழமை முழுக்க இரண்டு வீட்டிலும் முருங்கை இலைச் சுண்டல்தான்.

ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நெட்டைப் பிள்ளைதான் மனதில் வந்து வந்து நின்றது. அப்போ அந்தப் பிள்ளைகள் செய்தது அவளை ஏசாமல் விட்டதல்ல. கதைக்காமல் விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை முழுக்க. அதுவும் எனக்கு உடனே பிடிபடவில்லை, ஏனென்றால் என்னோடு ஒருத்தரும் கதைக்காத நாள் எனக்கு நல்ல நாள். பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் உள்ளே இருந்து கதவைச் சாத்துகிறேன், வேண்டுமென்றால் திறப்பேன். அவளுக்கு மற்றவர்கள் வெளியால் பூட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைச் செல்லம் கூடினது என்று நினைத்தேனே என்று கவலையாய்ப் போய்விட்டது.

பெறாமகளை அனுப்பி, செபப் புத்தகங்களுக்குக் கீழே இருந்து அதை எடுப்பித்தேன். எனக்கு வாசிக்கக் கூடாதே. பக்கத்து வீட்டுக்காரி, “நான் வாசிக்கிறேன்க்கா,” என்று பின்னேரங்களில் வந்து இருந்து வாசித்தவ. அவவின் வாயில் அது வேறு புத்தகமாய் இருந்தது. ரீச்சருக்கு ஒரு குரல், கொக்கு என்று கூப்பிடுகிற பெடியனுக்கு மூக்கால் ஒரு குரல். முகாமிலும் பிள்ளைகளுக்கு வாசிப்பாவாம்.

‘யாரும் பேசவில்லை’ வந்த இடத்தில் அவ நிறுத்திவிட்டா.

“இங்கயும் அப்படித்தான்க்கா. தைக்க குடுக்கறவங்க அளவு சொல்லுவாங்க. முப்பத்தாறு, பதினாலரை. நான் வாயத் தொறந்தா, இந்தியாவிலையிருந்தோ வந்தனீங்கள்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. நானும் உங்க மாதிரி கதைக்கணும்னு பாக்கறேன். கதைக்கிறேன்னு சொன்னா எனக்கே ஏதோ பொய் சொல்ற மாதிரி இருக்கு. அங்க கதை விடறான்னா பொய் சொல்றான்னு அர்த்தம்.”

இன்னும் ஒரு பக்கம் வாசியுங்கோ என்றேன்.

ஒரு பின்னேரம் என் கண்ணைப் பார்க்க வந்த சிஸ்டர், கேற்றடியில் நின்று அந்த வாசிப்பைக் கேட்டவ. உள்ளே வந்து, சனிக்கிழமைகளில் வாசிப்பு அறையில் பிள்ளைகளுக்கு வாசிக்க வரமுடியுமோ என்று அவவைக் கேட்டா. அதற்குப் பிறகு அவவுக்குக் கிழமையில் ஒரு நாள்தான் நாள். வெள்ளிக்கிழமையே சீலையை அயன் பண்ணிக் கொடியில் போடுவா. பாடம் செய்கிற பிள்ளை மாதிரி அறைக்குள் நடந்து நடந்து வாசித்துப் பார்ப்பா. இருபது பிள்ளைகள் மட்டில் வந்தார்கள். நாலைந்து சனிக்கிழமை நல்லாய்ப் போனது.

பிறகு முறைப்பாடு வந்தது. துணிக்கடை வைத்திருக்கிற ஒரு தாய், சிஸ்டரிடம் போய்ப் பிள்ளைகள் இந்தியா மாதிரிக் கதைக்கப் பழகுதுகள் என்று சொல்லியிருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மண்டபத்தில் தாய்மாரைக் கூப்பிட்டுக் கேட்கிறது என்று சிஸ்டர் சொன்னவ.

அதற்கு முதல் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி வந்தவ. கதிரையில் இருக்கவில்லை.

“நாளைக்கு வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா நான் கட்டைபறிச்சான் போயிடறேன்க்கா. அத்தை வீட்டோட ஒரு அறை இருக்கு. அத்தைய விட்டா அங்கயும் யாரையும் தெரியாது. மெஷின் எங்க வெச்சாலும் தைக்கும்.”

போகாதேங்கோ என்று சொல்ல நினைத்தேன். என் வாயில் வந்தது, “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டத்துக்குப் போகவில்லை, தேத்தண்ணி ஊற்றப் போனேன். மண்டபத்தின் பின் அறையில் நின்றால் எல்லாம் கேட்கும், ஆளைத் தெரியாது. அன்றைக்கு மாதர் சங்கத்தின் பூசை, ஆகையால் தாய்மார் அத்தனை பேரும் ஒரே நீலச் சீலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால் பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

“சிஸ்டர், நான் ஆரையும் குறை சொல்ல வரேல்லை,” என்று துணிக்கடைத் தாய் தொடங்கினவ. “சனிக்கிழமை என்ரை மகள் வந்து நிண்டு, ‘நான் அப்பாகிட்ட பேசணும்’ எண்டிறாள். இவர் சோத்துக் கோப்பையோடை எழும்பிட்டார். ‘எனக்குப் பேசுற அளவுக்கு வளந்திட்டியோ’ எண்டு. பிள்ளை நிண்டு விக்கி விக்கி அழுகிறாள். ஒரு கொப்பி வேணுமெண்டு கேக்க வந்தவளாம்!”

ஆரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

“சிரிக்காதேங்கோ. கடையிலை சனம் நிக்கேக்கை ‘அம்மா, சீக்கிரம் வாங்க, பசிக்குது’ எண்டால் என்ன நினைப்பினம்? நான் இவளைச் சென்னையிலை பெத்தனானோ?”

“என்ரை மகனுக்கு ஒரு மாற்றமும் இல்லை,” என்று இன்னொரு தாய் மெதுவாகச் சொன்னவ. “அவன் முன்னமும் கதைக்கிறேல்லை, இப்பவும் கதைக்கிறேல்லை. புத்தகம் மட்டும் கேக்கிறான். வாசிக்கட்டுமே.”

“வாசிப்பு நல்லதுதான்,” என்று மூன்றாவது ஒரு குரல். “எண்டாலும் எங்கட ஆள் ஒராள் வாசிச்சால் இன்னும் நல்லம்.”

அப்போது பின்வரிசையில் கதிரை இழுபட்ட சத்தம். “பரவாயில்லைங்க. நான் நிறுத்திக்கறேன். புத்தகம் இந்தா மேசைல வெச்சிருக்கேன்.” அவவின் குரல்.

நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியில் வந்தனான். ஒரே ஒரு வசனம் அமைதியாகச் சொல்ல வேண்டும், ‘அவவே வாசிக்கட்டும்’ என்று. அதைப் பின் அறையில் நின்று இரண்டு தரம் சொல்லியும் பார்த்தேன். ஆனால் கன நாள் திறக்காத பைப்பைத் திறந்தால் என்ன வரும்? முதலில் காற்று. பிறகு கறள் தண்ணீர், அதுவும் பெரிய சத்தத்தோடு. முன்னால் இருந்த நீலச் சீலையைப் பார்த்துத் தொடங்கிவிட்டேன்.

“என்னடி பிள்ளை எங்கட ஆள்? அவ கட்டைபறிச்சானிலை பிறந்தவ. கடற்கரையிலை நிண்டு பாத்தால் அங்காலை தெரியிற ஊர். நீ எங்கை பிறந்தனி?”

“கொழும்பிலை ஆன்ரி,” என்றது நீலச் சீலை. “ஆனால் நான்…”

“வாயை மூடு! நீ இருக்கிற கதிரை ஆரின்ரை, சொல்லு பாப்பம்? போத்துக்கீசன்ரை. அலுமாரியும் அவன்ரை. குசினியும் அவன்ரை. மடத்திலை பழைய மதர் சொல்லித் தந்தவ. அதெல்லாம் வந்து எங்கட வாயிலை குந்தியிருக்கலாம், அவவின்ரை ஒரு சொல் வரக்கூடாதோ?”

எல்லாரும் தாங்கள் இருந்த கதிரையைப் பார்த்தார்கள். ஒராள் குனிந்து அடிப்பக்கமும் பார்த்தவ. “ஆன்ரி, இது பிளாஸ்ரிக் கதிரை. டவுனிலை வாங்கினது,” என்று மெல்லச் சொன்னவ.

“நான் கதிரையைச் சொல்லேல்லை, கதிரை எண்ட சொல்லைச் சொன்னனான்!” என்று அவவுக்கும் ஒன்று கொடுத்தேன். தட்டத்தில் தேத்தண்ணி எல்லாம் தளம்பிச் சிந்திக்கொண்டிருந்தது. “ஒரு மனிசி வாயைத் திறக்கிறது கிழமையிலை ஒரு நாள். அதையும் மூடிப்போட்டு நீங்கள் என்னத்தைக் காணப்போறியள்?”

நீலச் சீலைக்காரி அழுகிற மாதிரிச் சொன்னா: “நான் வாசிக்கட்டும் எண்டுதானே ஆன்ரி சொன்னனான்!”

அந்தக் குரல் ஆருடையது என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. புத்தகம் கேட்கிற மகனின் தாய். மாதம் முடிந்தும் கழற்றாத கறுப்புக் கண்ணாடியாலே ஆள் மாறிப்போச்சு. எங்களோடு நின்ற ஒரே ஆளை நான் நிறுத்தி வைத்து ஏசியிருக்கிறேன்.

நிலம் பிளக்காதோ என்று இருந்தது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு.

“ஆன்ரி, அவவை விடுங்கோ. அந்த ஏச்சு எனக்கு வந்தது. இந்தா, நான் இங்கை நிக்கிறன்.” துணிக்கடைத் தாய்தான். அவ சிரிக்க, ஏச்சு வாங்கினவவும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்க, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. “நான் விடுதியிலை இருந்த ஆறு வருஷமும் ஆன்ரியின்ரை சத்தம் கேட்டதில்லை. சோறு மட்டும்தான் வரும். சரி சிஸ்டர், அவவே வாசிக்கட்டும். ஆனால் ஒண்டு. ஆன்ரி பக்கத்திலை இருந்து எங்கட சொல்லையும் பிள்ளையளுக்குச் சொல்ல வேணும். அவ அதுக்கு ஓமெண்டால் எனக்குச் சரி. இல்லையெண்டால் இல்லை.”

இருபது பிள்ளைகளுக்கு முன்னால். நானா? ஏலாது என்று சொல்லத்தான் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரி மேசையடியில் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. சிரிக்கிறாவோ அழுகிறாவோ என்று எனக்குக் கண்ணாடிக்குள்ளாலே தெரியவில்லை. மேசையில் புத்தகம் அப்படியே கிடந்தது.

“ஓம்,” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை வரை நான் நித்திரை கொண்டது குறைவு. போகிற வழியில் வயிற்று வலி என்று சொல்லித் திரும்புவோமோ என்றும் நினைத்தனான். போய் அவவின் பக்கத்தில் இருந்தேன். துணிக்கடைத் தாய் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றவ. நான் வாயைத் திறக்காவிட்டால் அன்றோடு முடிந்தது. அவ நெட்டைப் பிள்ளையின் கதையைத்தான் எடுத்தவ.

“‘அன்று முதல் அவளிடம் யாரும் பேசவில்லை.’”

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தா. பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “ஒருத்தரும் கதைக்கேல்லை.”

“கேக்கேல்லை!” என்று பின்னுக்கிருந்து ஒரு சத்தம்.

“ஒருத்தரும் அவளோடை கதைக்கேல்லை!”

“ஒரு ஆள் கூடவோ?” என்று ஒரு பிள்ளை கேட்டது. “ஒரு ஆள் கூட இல்லை,” என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கூச்சம் வரவில்லை.

துணிக்கடைத் தாயின் மகள் கையைத் தூக்கினாள். “அப்ப ஏசுறதுக்கு அங்கை என்ன சொல்லுறது?”

“திட்டறது,” என்றவ பக்கத்து வீட்டுக்காரி.

பிள்ளைகளுக்கு அந்தச் சொல் நல்லாய்ப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திட்டறது, திட்டறது என்றுகொண்டு போனார்கள். திங்கட்கிழமையே துணிக்கடைத் தாய் பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் வந்து நின்றா. மகள் இப்போது ‘திட்டாதீங்கப்பா’ என்று சொல்லப் பழகிவிட்டாளாம், அதைக் கேட்டால் தகப்பனுக்குச் சிரிப்பு வந்து ஏச ஏலாமல் போகுதாம், இனி அவளை ஆர் அடக்குறது என்று கேட்கிறா. நான் வேலிக்கு இங்காலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முறைப்பாடு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பிறகு கடையில் புதுசாய் வந்த துணியைப் பற்றி, முகாமில் அரிசி எப்படி என்று, பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் என்ன கொடுக்கிறது என்று, நான் உலையை வைத்து இறக்கும் வரை இரண்டு பேரும் நின்று கதைத்தார்கள். இரண்டு பேரும் இரண்டு மாதிரித்தான் கதைத்தார்கள்.

அவ கட்டைபறிச்சானுக்குப் போகவில்லை. நான் பிழையாய் ஏசின தாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவ எனக்கு ஒரு பெட்டி தொதல் இனிப்புத் தந்து அனுப்பினவ. இது எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை.

சிஸ்டர், இதை அச்சில் போடுகிறதென்றால் முதலில் ஒருக்கால் ஆரையாவது கொண்டு சரிபார்ப்பியுங்கோ. முறைப்பாடு வந்தது நாலாவது சனிக்கிழமைக்குப் பிறகோ ஐந்தாவதுக்குப் பிறகோ என்று எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்கு மாதர் சங்கத்தின் சீலை நீலம்தானோ என்றும் கேட்டுப் பாருங்கோ. பக்கத்து வீட்டுக்காரி சொன்னதையெல்லாம் என் காதில் விழுந்த மாதிரி எழுதியிருக்கிறேன், அதில் பிழை இருக்கும். அவவிடமே கொடுத்தால் திருத்தித் தருவா. சனிக்கிழமை காலையில் மட்டும் கொடுக்க வேண்டாம், அப்போது அவவுக்கு நேரம் இருக்காது.